மேட்டுத் தெருவின் குழாய்ப் பள்ளம்: தருமபுரி, கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

முதல் நாள், திங்கள் இரவு, தருமபுரி

தொப்பூர்க் கணவாயில் பேருந்து ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கச் சொல்லி எல்லாரும் சத்தம் போட்டார்கள். நான் ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு, செம்மண்ணைக் கரைத்தபடி சாலையோரம் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாவட்டத்துக்கு மழை லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம். எனக்கு வேலைப் பழக்கம் விடவில்லை. புது மழை எதையெல்லாம் கழுவி எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

31 வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்தது முழுக்கக் காவிரி டெல்டாவில். அங்கே பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இப்போது பென்னாகரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். போன வாரம் போன் செய்தார். முதல் மழைக்கு அப்புறம் அவருடைய ஊர் ஒன்றில், பெரும்பாலும் ஒரே தெருவில், பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நல்லவேளையாக எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். “தொட்டியில குளோரின் சரியா இருக்கு சார். நானே பார்த்தேன். அப்புறம் எப்படி வந்துச்சுன்னுதான் புரியல” என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் பை தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதப் போவதில்லை.

விடுதி அறையில் ஈரத் துணியை விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது தாமஸ் மன்றோ நினைவுக்கு வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பிறகு, கம்பெனி அதிகாரியாக இந்தத் தருமபுரியில்தான் ஏழு வருடம் இருந்தார். தோட்டம் போட்டு ஆசையாக வாழ்ந்த ஊர். பிற்பாடு சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார். சென்னைத் தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பது அவர்தான். 1827 ஜூலை 6-ஆம் தேதி, இன்றைய ஆந்திராவின் பத்திகொண்டாவில் முகாம் போட்டிருந்தபோது காலரா வந்து இறந்துபோனார். மாகாணத்தையே ஆண்டவருக்கும் அன்றைக்கு அந்த நோயிலிருந்து தப்ப வழி தெரியாது. அவர் நினைவாக அந்த ஊரில் அரசாங்கம் ஒரு கிணறு வெட்டி, சுற்றிலும் தோப்பு வைத்தது.

காலை ஐந்தரைக்குத் தண்ணீர் விடுவார்களாம். நாலு மணிக்கு எழ வேண்டும்.

இரண்டாம் நாள், செவ்வாய், பென்னாகரம் பக்கம்

நிறைய எழுத வேண்டிய நாள் இது.

செவிலியர் ஸ்கூட்டரில் வந்து பென்னாகரத்தில் ஏற்றிக்கொண்டார். ஊர் எல்லையில் ராகிக் கதிர் தலை சாய்ந்து நின்றது. புளியமரங்களுக்கு நடுவே மேல்நிலைத் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் கோயில் தெரு, அதைத் தாண்டித் தாழ்வாக ஒரு தெரு, கடைசியில் கொஞ்சம் ஏறினால் மேட்டுத் தெரு. நோய் அதிகம் வந்தது மேட்டுத் தெருவில்.

முதலில் தொட்டி. தண்ணீர் விடுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் வருவது தெரிந்து கொஞ்சம் விறைப்பாகவே நின்றார். நோய் வந்தால் ஊர் முதலில் ஏசுவது தண்ணீர் விடுகிறவரைத்தானே. பிளீச்சிங் பவுடரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்து காட்டினார். மூக்கில் ஏறியது நெடி. அதைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. சாக்கைத் திறந்தபடி போட்டுவைத்தால் பவுடரில் உள்ள குளோரின் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது சுண்ணாம்பு. அதைக் கரைத்து ஊற்றிவிட்டு மருந்து போட்டாயிற்று என்று நம்புகிற தொட்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நல்ல பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது நாங்கள் படித்த கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். இவர் வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கிறார். யாரும் சொல்லிக் கொடுத்தார்களா என்றேன். “ஒருவாட்டி சொன்னாங்க சார், அப்பறம் அப்படியே பண்றேன்” என்றார்.

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டோம். நல்ல மஞ்சள் நிறம் வந்தது. குளோரின் இருக்கிறது, செவிலியர் சொன்னது சரி. என்னிடம் நாலு சிறு சோதனை பாட்டில்கள் இருந்தன. உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, குளிர் படாமல் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால் போதும். குடலில் வாழும் கிருமிகள் கலந்த தண்ணீர் கறுத்துவிடும். கரண்ட் வேண்டாம், லேப் வேண்டாம். தொட்டித் தண்ணீர் முதல் பாட்டிலுக்குப் போனது.

மேட்டுத் தெருவுக்கு நடந்தோம். அங்கே போய் நின்றதும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

வீட்டு வாசல்களில் குழாய் நிற்கவில்லை. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. மூன்றடி ஆழம், ஒரு ஆள் குந்தி உட்காரும் அகலம், இறங்க இரண்டு கல். அடியில் தரையோடு தரையாகப் பிளாஸ்டிக் குழாயின் வாய். அதற்குத் திருகு கிடையாது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பள்ளங்கள்.

யாரும் ஆசைப்பட்டு வெட்டியதல்ல இது. லைனின் கடைசியில், அதுவும் மேட்டில் இருக்கிற தெரு. கீழ்த் தெருக்கள் பிடித்தது போக இங்கே வரும் தண்ணீருக்கு எழும்பும் வேகம் இருக்காது. மூன்றடி உயரக் குழாயில் சொட்டுக்கூட வராது. குழாயை அறுத்துப் பள்ளம் தோண்டினால் கொஞ்சம் வரும், இன்னும் தோண்டினால் இன்னும் கொஞ்சம் வரும். தண்ணீர் வரும் நேரம் தவறிவிடக் கூடாது என்பதற்காகத் திருகையும் கழற்றிவிடுகிறார்கள். சளசளவென்று சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடலாம்.

ஒரு பள்ளத்தின் ஓரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நேற்றைய மழைத் தண்ணீர் முக்கால் அடிக்குக் கலங்கி நின்றது. மேலே ஒரு வேப்ப இலை, கோழி இறகு, பிஸ்கட் காகிதம். விளிம்பில் ஈர மண்ணில் நாயின் கால் தடம், அதன் மேலேயே ஒரு குழந்தையின் பாதம். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாசலிலிருந்து கோடு போட்டுக்கொண்டு நேரே பள்ளத்துக்கு வந்தது. குழாயின் வாய் அந்தக் கலங்கலுக்குள் முழுகிக் கிடந்தது.

அந்த வீட்டு ஆயா, எழுபதைத் தாண்டியவர், பித்தளைச் சொம்பால் கலங்கலை மொண்டு வெளியே ஊற்றினார். “இப்ப தண்ணி வந்துரும் சாமி” என்றார். வந்தது. முதலில் ஒரு ஏப்பம் மாதிரிக் காற்று, அப்புறம் இளமஞ்சளாக ஒரு கை நீர், அப்புறம் தெளிவு. ஆயா முதல் துளியிலிருந்தே குடத்தை வைத்துவிட்டார். ஒரு துளி வீணாக்க மனசு வராது. ராத்திரி முழுக்க வரட்டும் வரட்டும் என்று காத்திருந்தவரிடம் முதல் குடத்தைக் கீழே ஊற்று என்று எந்த வாயால் சொல்வது?

அந்த முதல் நீரை இரண்டாம் பாட்டிலில் பிடித்தேன். குளோரின் பார்த்ததில் நிறமே வரவில்லை. பத்து நிமிடம் ஓடிய பிறகு அதே குழாயில் மறுபடி பிடித்தேன், மூன்றாம் பாட்டில். இப்போது லேசான மஞ்சள்.

என்ன நடக்கிறது என்று செவிலியருக்கும் தண்ணீர் விடுகிறவருக்கும் அங்கேயே மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். வால்வை மூடியதும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. மேட்டிலிருந்து தாழ்ந்த தெருவை நோக்கித் திரும்பி ஓடுகிறது. கீழ்த் தெருவில் யாராவது கடைசிச் சொட்டு வரை பிடிக்கிறார்கள். லைனில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களும் உண்டு. அப்போது மேட்டுக் குழாய் காலியாகி, வாய் எதில் முழுகியிருக்கிறதோ அதை உள்ளே இழுக்கிறது. பால்புட்டியில் உறிஞ்சுகிற மாதிரி. நாயும் கோழியும் நடந்த பள்ளம், மழை கொண்டுவந்து சேர்த்த அழுக்கு, எல்லாம் குழாய்க்குள் போய் அடுத்த முறை தண்ணீர் விடும்வரை காத்திருக்கிறது. தொட்டியில் போட்ட குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துபோகிறது. தண்ணீர் விடுகிறவர் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப நான் போட்ட மருந்து மேல தப்பில்லையே சார்?” என்றார். தப்பில்லை என்றேன். அவர் முகத்தில் வந்த தெளிவை மறக்க மாட்டேன்.

மழை கொண்டுவந்தது என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் பாதி வீடுகளில் கழிப்பறை இருக்கிறது. நாலைந்தில் விறகு அடுக்கியிருக்கிறது. குடிக்கவே தண்ணீருக்குப் பள்ளத்தில் இறங்குகிறவர்கள், கழிப்பறைக்கு வாளி வாளியாக எங்கிருந்து ஊற்றுவார்கள்? காட்டுப் பக்கம் போகிறார்கள். கைக்குழந்தையின் மலத்தை வாசல் ஓடையிலேயே கொட்டுகிறார்கள். பால்குடிக் குழந்தையுடையது அசிங்கமில்லை என்றொரு நம்பிக்கை எங்கள் ஊரிலும் உண்டு. உண்மையில் நோய்க் கிருமி அதிலும் கோடிக்கணக்கில் இருக்கலாம். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்ததை முதல் மழை ஒரே நாளில் பள்ளத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

நாலாம் பாட்டிலுக்குக் கோயில் தெருவில் ஒரு வீட்டுக் குடத்திலிருந்து எடுத்தோம். அந்தத் தெருவில் குழாய் இடுப்பு உயரத்தில் நிற்கிறது, பள்ளம் கிடையாது. பிறகு ஏன் அங்கேயும் இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிறு போனது என்பது செவிலியரின் கேள்வி. நான் குடத்தைக் காட்டினேன். வீட்டுப் பையன் விளையாடிவிட்டு ஓடி வந்து, டம்ளரோடு கையையும் மணிக்கட்டு வரை முக்கி மொண்டு குடித்துவிட்டு ஓடினான்.

கிளம்பும்முன் ஆயா வீட்டில் உட்காரவைத்துக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். மருமகளும் ஏழு வயதுப் பேத்தியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் சிரித்தபோது பல்லில் காவிக் கோடுகள். இங்கேயே பிறந்து போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். புளோரைடு செய்த வேலை. பேத்தி சிரித்தாள், பல் அரிசி மாதிரி வெள்ளை. அவள் பிறந்ததிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர்தான். ஒரே திண்ணையில் இரண்டு தலைமுறைத் தண்ணீரைப் பார்த்தேன்.

அடுத்து ஆயா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. “இந்தக் கொழாத் தண்ணி குடிச்சுத்தான் வயிறு போச்சு. இனிமே பழைய போர் தண்ணியே போதும்னு தெருவுல பேசிக்கிறாங்க.”

மூன்றாம் நாள், புதன், ஒகேனக்கல்

துண்டில் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்த பாட்டில்களைக் காலையில் எடுத்தேன். இரண்டாவது பாட்டில் மை ஊற்றிய மாதிரிக் கறுத்திருந்தது. நாலாவது பழுப்பு. ஒன்றும் மூன்றும் ஊற்றியபடியே தெளிவு. செவிலியருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

தண்ணீர் கிளம்பும் இடத்தைப் பார்க்காமல் போக மனமில்லை. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதை இறங்குகிறது. ஆற்றில் வரத்து அதிகம் என்று பரிசல் ஓட்ட விடவில்லை. பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓட்டிகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும் கூட்டமில்லை. மீன் வறுக்கும் கடைகளில் மட்டும் புகை. தொங்கு பாலத்தில் நின்றால் அருவிச் சாரல் முகத்தில் அடிக்கிறது. செம்பழுப்பாகப் பாறைகளைப் பிளந்துகொண்டு விழுகிற காவிரியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் போதவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருவதும் இதே தண்ணீர்தான், மேட்டூரைத் தாண்டி, சாதுவாகி.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பாறை நிலம். மழை குறைவு. ஏரி, கிணறு வற்றியபோது ஆழ்துளைக் கிணறு வந்தது. திறந்த கிணற்றுத் தண்ணீரால் வந்த வாந்திபேதி குறையும் என்று எல்லா ஊரிலும் நம்பித்தான் போர் போட்டோம், நானும் மேடையில் பேசியிருக்கிறேன். கிருமி குறைந்தது உண்மை. ஆனால் இந்தப் பாறைகளுக்குள் இருக்கும் புளோரைடு தண்ணீரோடு மேலே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பல்லில் காவி ஏறும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள், ஆகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் புளோரைடு இன்னும் கூடும். கிருமிக்குக் காய்ச்சுவது மருந்து, புளோரைடுக்கு அது மருந்தில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை எல்லாப் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதிவைக்க ஆசை.

அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். இங்கே எடுத்துச் சுத்திகரித்து, மலை மேல் ஏற்றி, இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். எத்தனை மோட்டார், எத்தனை மைல் குழாய், எத்தனை பேரின் ராத்திரி வேலை! அவ்வளவும் தாண்டி வந்த தண்ணீர் மேட்டுத் தெருவின் கடைசி மூன்றடியில் கெட்டுப்போய், அதனால் ஒரு பேத்தியின் பல் மறுபடி காவி ஏறப்போகிறதா? அருவிச் சத்தத்தில் நின்றுகொண்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

நான்காம் நாள், வியாழன், கிருஷ்ணகிரி

நாலாவது பாட்டிலும் கறுத்துவிட்டது. நல்ல குழாயில் பிடித்த தண்ணீர், குடத்தில் கை பட்டே கெட்டிருக்கிறது. மூன்றாவது இன்னும் தெளிவு. அதாவது மேட்டுத் தெருக் குழாயிலும் முதல் இரண்டு வாளியைப் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் ஒதுக்கிவிட்டு, அப்புறம் குடத்தை வைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். குழாயைச் சரிசெய்யும்வரை அதுவாவது செய்யலாம்.

கிருஷ்ணகிரியில் பழைய சிநேகிதர் புது வீடு கட்டுகிறார். மாந்தோப்பு ஓரம், பின்னால் பெரிய பாறைக்குன்று. கழிப்பறைக் குழி பதினைந்து அடி தோண்டியாயிற்று என்று பெருமையோடு காட்டினார். “இருபது அடி போனா ஆயுசுக்கும் ரொம்பாதுண்ணா” என்றார் கொத்தனார். ரொம்பாமல் எங்கே போகும் என்று கேட்டேன். இந்த ஊர்ப் பாறையில் வெடிப்புகள் உண்டு. வெடிப்பு வழியாக இறங்கும் கழிவு, மண்ணில் வடிகட்டப்படுவதில்லை. பக்கத்து போருக்கு நேரே போய்விடும். சிநேகிதருடைய போர், குழியிலிருந்து எட்டுத் தப்படி வைத்தால் வந்துவிட்டது.

ஆழமில்லாத இரண்டு குழி போதும். ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு வருடம் சும்மா விட்டால் முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். யாரும் உள்ளே இறங்கி அள்ள வேண்டியதில்லை, மனிதனை இறக்குவது சட்டப்படியும் குற்றம். குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பேசினோம். கொத்தனார்தான் முதலில் ஒத்துக்கொண்டார். சிநேகிதர் மனைவி, “நான் அப்பவே சொன்னேன் போர் பக்கத்துல வேண்டாம்னு” என்று காபி கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் பனிமூட்டம் மாதிரி நுரை பொங்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து இங்கே. பூங்காவில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. அணைத் தண்ணீர் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளி, தருமபுரி

பகல் முழுக்க மழை. வெளியே போகவில்லை.

செவிலியர் பேசினார். மேட்டுத் தெருவில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். அந்த வீட்டுக் காலண்டரில் செவிலியர் பத்து வாரத்தை வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம், வாரா வாரம் போய்க் கண் மஞ்சளாகிறதா என்று பார்க்கப்போகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. காலரா என்றால் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுக்கலாம். மஞ்சள்காமாலையின் ‘ஈ’ வகைக் கிருமி இரண்டிலிருந்து பத்து வாரம் வரை உடம்பில் பதுங்கியிருக்கும். கர்ப்பிணிகளின் உயிருக்கே அது ஆபத்து. கண் மஞ்சளாகும்போது, எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்பதே மறந்திருக்கும். கீழாநெல்லியைத் தேடுவார்கள், குழாயை யாரும் தேட மாட்டார்கள். 1955-ல் டில்லியில் அப்படித்தான். யமுனையில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் நவம்பரில் சாக்கடை கலந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை. குளோரின் கூட்டியதால் டைபாய்டு பெருகவில்லை, இந்தக் கிருமி மட்டும் தப்பி வந்துவிட்டது.

மழை நாளில் தனியாக உட்கார்ந்தால் பழசு வராமல் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்தது. நான் போனபோது மூச்சு இருந்தது. கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறது. கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னதால் அம்மா கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பாதி வழியில் முடிந்துவிட்டது. கொன்றது பேதியில்லை, உடம்பில் நீர் வற்றியது. அந்த அம்மாவின் மேல் எந்தத் தப்பும் கிடையாது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்.

அதற்கு எத்தனையோ வருடம் முன்பே விடை கண்டுபிடித்திருந்தார்கள். காலராக் கிருமி விடும் நஞ்சுதான் குடலிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகிறது என்று 1959-ல் கல்கத்தாவில் காட்டியவர் சம்பு நாத் தே. அந்த நிலையிலும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் பன்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலக்கி, உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

இன்றைக்கு அந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசம். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் முழுவதும். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்று கலக்கக் கூடாது. பாக்கெட் கைக்கு வரும்வரை, ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தை சுருண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆறாம் நாள், சனி, மறுபடி மேட்டுத் தெரு

மழை விட்டிருந்தது. ஊருக்குத் திரும்பும் முன் ஒரு தடவை வரச் சொன்னார் செவிலியர். நாலு பாட்டிலையும் ஆயா வீட்டுத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். தெருவே கூடிவிட்டது. எது எந்தத் தண்ணீர் என்று செவிலியர் சொல்லச் சொல்ல, கறுத்த பாட்டிலை ஒவ்வொருவராக வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். கோயில் தெருப் பையனின் அம்மா நாலாவது பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் நீளப் பிடி போட்ட அகப்பை. “இதுல மொண்டா போதுமாக்கா?” என்று செவிலியரிடம் கேட்டார்.

குழாயைப் பழையபடி உயர்த்தினால் தண்ணீர் வராதே என்பது மேட்டுத் தெருவின் கேள்வி. நியாயம். அதற்கு வழி சொன்னவர் நானில்லை, தண்ணீர் விடுகிறவர். கோயில் தெருவுக்கும் தாழ்ந்த தெருவுக்கும் போகும் லைனில் பழைய வால்வு ஒன்று புதரில் புதைந்து கிடக்கிறதாம். அதை மூடிவிட்டு முதல் அரை மணி நேரம் மேட்டுத் தெருவுக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமையே தோண்டி எடுத்து, கிரீஸ் போட்டுச் சரிசெய்து வைத்துவிட்டார். பெரிய வேலை, தனி லைன், எல்லாம் ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள். அது நடக்கும்போது நடக்கட்டும்.

ஒன்பது பள்ளத்தில் இன்று நாலுதான் மூடினோம். மற்ற ஐந்து வீட்டிலும், “முதல்ல அந்த நாலு வீட்டுல வரட்டும், பார்க்கலாம்” என்றார்கள். கல்லும் செம்மண்ணும் கொட்டி மிதித்து, குழாயை ஒன்றரை அடி உயர்த்தி, திருகு போட்டு, கீழே சிமெண்டில் சின்ன மேடை. கழிவுத் தண்ணீர் ஓட வாழைக்குப் போகிற மாதிரி ஒரு வாய்க்கால். மண் மிதிக்கப் பேத்தியும் வந்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். குழாய் ஏப்பம் விட்டது. காற்று, அப்புறம் இளமஞ்சள். ஆயா குடத்தை வைக்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றார். முதல் வாளி வாழைக்குப் போனது, இரண்டாவது கழிப்பறை வாசலுக்கு. மூன்றாவதாகக் குடத்தை வைத்தபோது தண்ணீர் அவர் முழங்கால் உயரத்திலிருந்து நல்ல கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. சோதனைக் குழாயில் சொட்டு விட்டுச் செவிலியர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். மஞ்சள்.

“இன்னொரு கொடம் எடுத்தா புள்ள” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் ஆயா.